கோடை வகுப்பா, பயிற்சிப் பணியா, முழு உதவித்தொகையா: ஜெர்மன் பாடம் படிப்போர் எதைத் தேர்ந்தெடுப்பது?

பொறியியல் படிக்கும் மாணவருக்கு ஜெர்மன் ஒரு கருவி. ஜெர்மன் மொழியையும் இலக்கியத்தையுமே பட்டப்படிப்பாக எடுத்தவருக்கோ அதுதான் பாடம், அதுதான் தொழில். ஆகையால் வெளிநாட்டு வாய்ப்புகளை ஒப்பிடும்போது இரு தரப்பினரும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்த முடியாது. உதவித்தொகை மாதத்திற்கு எத்தனை யூரோ என்பதைத்தான் பெரும்பாலானோர் முதலில் பார்க்கிறார்கள். அது தவறு என்று சொல்ல மாட்டேன். கையில் பணமில்லாமல் யாரும் விமானம் ஏற முடியாது. ஆனால் மாணவர்களின் விண்ணப்பங்களைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருபவன் என்ற முறையில், அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று நம்புகிறேன்: அங்கே போனபின் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஜெர்மனில் பேசவும், எழுதவும், தவறு செய்து திருத்தப்படவும் நேரிடும்? கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைகிறது.

தொடங்குவதற்கு முன் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். தேடும்போது அடிக்கடி கண்ணில் படும் சில திட்டங்கள் எதிர்த்திசையில் செல்பவை. புரோமோஸ் என்பது ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பதிவு செய்துள்ள மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் திட்டம். குல்ட்டூர்வைட் ஜெர்மனியிலிருந்து வெளியே போகும் இளம் தன்னார்வலர்களுக்கானது. ரைஸ் என்ற பெயரில் வரும் கோடைகாலப் பயிற்சி ஜெர்மனிக்குள் வருவதற்கானதுதான், ஆனால் அது அறிவியல், பொறியியல் துறைகளுக்கு உரியது. இலக்கிய மாணவருக்கு அங்கே இடமில்லை. இவற்றுக்கு விண்ணப்பம் தயாரித்து வாரக்கணக்கில் நேரத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

இளங்கலை மாணவருக்கு முதலில் எட்டக்கூடிய வாய்ப்பு, ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டி.ஏ.ஏ.டி. வழங்கும் பல்கலைக்கழகக் கோடை வகுப்பு உதவித்தொகை. 1925-இல் ஹைடல்பெர்க்கில் தொடங்கி, இன்று பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இந்த அமைப்பு, இளங்கலையில் இரண்டு ஆண்டுகளை முடித்தவர்களுக்கு இந்த உதவியை ஒரே முறை தரும் தொகையாக வழங்குகிறது. வகுப்பு குறைந்தது 18 நாட்கள் நடைபெற வேண்டும், வாரத்திற்கு 25 மணி நேரமாவது பாடம் இருக்க வேண்டும் என்பவை விதிகள். மூன்று வாரத்தில் என்ன கற்றுவிட முடியும் என்று இதைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது: வகுப்பில் உடனிருக்கும் அனைவரும் வெளிநாட்டவர்களே என்பதால், இடைவேளையில் பேச்சு ஆங்கிலத்துக்கு வழுக்கிவிடுவது மிக எளிது. மறுபாதி, தேர்ந்தெடுக்கும் வகுப்பைப் பொறுத்தது. 'ஜெர்மன் மொழியும் பண்பாடும்' என்ற பொதுத் தலைப்புடைய வகுப்புகளைவிட, நாடகம், ஒலியியல், மொழிபெயர்ப்பு, இன்றைய இலக்கியம் என்று ஒரே பொருளில் நிற்கும் வகுப்புகள் இலக்கிய மாணவருக்குப் பன்மடங்கு பயனளிக்கின்றன.

இதற்கு விண்ணப்பிக்கும் காரணத்தை விளக்கும் ஊக்கக் கடிதம் ஒன்று என் நினைவில் நிற்கிறது. அதன் முதல் வடிவம், ஜெர்மனி கவிஞர்களும் சிந்தனையாளர்களும் பிறந்த நாடு என்று தொடங்கியது. தேர்வுக் குழுவினர் அந்த வரியை எத்தனை ஆயிரம் முறை படித்திருப்பார்களோ! கடிதத்தை எழுதிய மாணவியிடம், பாடத்தில் உண்மையிலேயே திணறிய ஓர் இடத்தைச் சொல்லுமாறு கேட்டேன். ஒரு நாடக உரையாடலை மொழிபெயர்க்கும்போது 'டோக்', 'மால்', 'யா' என்ற சிறு இடைச்சொற்கள் தன்னைத் தோற்கடித்தன என்றார். அகராதியில் அவற்றுக்குப் பொருள் இருக்கிறது. ஆனால் வாக்கியத்தில் அவை செய்யும் வேலை, பேசுபவரின் பொறுமையின்மையையோ கெஞ்சலையோ காட்டுவது, அகராதியில் கிடைப்பதில்லை. இரண்டாம் வடிவம் அந்த மூன்று சொற்களில் தொடங்கி, பேச்சுமொழியை மையமாகக் கொண்ட ஒரு கோடை வகுப்பு ஏன் தேவை என்பதில் முடிந்தது. அவருக்கு இடம் கிடைத்தது.

அடுத்தது இன்டர்ன்ஷிப் எனப்படும் பயிற்சிப் பணி. எல்லாரும் விரும்புவது இதைத்தான், மிகுதியாக ஏமாற்றம் தருவதும் இதுதான். காரணம் பெரும்பாலும் சட்டத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் 2015 முதல் நடைமுறையில் உள்ள குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பயிற்சிப் பணிகளை இரு வகையாகப் பிரிக்கிறது. பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாக வரும் பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தாது. மாணவர் விருப்பத்தின்பேரில் படிப்போடு சேர்த்துச் செய்யும் பயிற்சிக்கு மூன்று மாதம் வரை விலக்கு உண்டு. அதற்கு மேல் நீடித்தால் முதல் நாளிலிருந்தே அந்த ஊதியத்தைத் தர வேண்டும். 2026 ஜனவரி முதல் அது மணிக்கு 13.90 யூரோ. நான்கைந்து பேர் வேலை செய்யும் ஒரு சிறு பதிப்பகத்தால் அதை ஆறு மாதம் தாங்க முடியாது. எனவே இத்தகைய நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு மேல் யாரையும் எடுப்பதில்லை, அல்லது கட்டாயப் பயிற்சி என்பதற்கான பல்கலைக்கழகச் சான்றை முதலில் கேட்கின்றன. பதில் வராத விண்ணப்பங்களில் பல, தகுதிக் குறைவால் அல்லாமல் இந்தக் கணக்கினாலேயே ஒதுக்கப்பட்டவை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு இன்னொரு படியும் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர் ஜெர்மனியில் 12 மாதம் வரை தம் துறை சார்ந்த பயிற்சி பெறலாம். ஆனால் கூட்டரசு வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவை, நான்கு செமஸ்டர்களை முடித்திருக்கவும் வேண்டும். 'துறை சார்ந்த' என்ற சொல்லை அலட்சியமாகக் கடந்துவிடக் கூடாது. ஜெர்மன் இலக்கியம் படிப்பவர் உணவகத்தில் பயிற்சி பெறப் போகிறேன் என்றால் ஒப்புதல் கிடைக்காது; பதிப்பகம், ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம், மொழிப்பள்ளி, மொழிபெயர்ப்பு நிறுவனம் என்றால் தொடர்பை எளிதில் விளக்கலாம்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதில் என் சாய்வை மறைக்க விரும்பவில்லை. பெர்லினின் பளபளப்பான புத்தொழில் நிறுவனங்களை நாடுவோர் பலர். அங்கே அலுவலக மொழி பெரும்பாலும் ஆங்கிலம். ஆறு மாதம் இருந்துவிட்டு, போனபோது இருந்த அதே ஜெர்மனோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாறாக, கவிஞர் ஷில்லர் பிறந்த மார்பாக் என்ற சிற்றூரில் 1955 முதல் இயங்கும் ஜெர்மன் இலக்கிய ஆவணக்காப்பகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காஃப்காவின் 'விசாரணை' நாவலின் கையெழுத்துப் பிரதி அங்கேதான் இருக்கிறது. வைமாரின் கோதே-ஷில்லர் ஆவணக்காப்பகம், நாடக ஆசிரியர் லெஸ்ஸிங் நூலகராகப் பணிபுரிந்த வோல்ஃபன்பியூட்டல் நூலகம், மன்ஹைமில் 1964-இல் தொடங்கப்பட்ட ஜெர்மன் மொழி ஆய்வு நிறுவனம் ஆகியவை இதே வகையைச் சேர்ந்தவை. இத்தகைய இடங்களில் போட்டி கடுமையானது, பணமோ குறைவு. ஆனால் வேலை முழுவதும் ஜெர்மனிலேயே நடக்கிறது.

அந்த வேலையின் தன்மையை ஒரு சிறு எடுத்துக்காட்டால் காட்டலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடிதங்கள் குரென்ட் என்ற பழைய கையெழுத்து வடிவில் இருக்கும். அதில் 'ஈ' (e) எழுத்து இன்றைய 'என்' (n) போலத் தோன்றும். 'ஊ' (u) எழுத்தை 'என்' எழுத்திலிருந்து பிரித்துக் காட்ட அதன் தலைக்கு மேல் ஒரு சிறு வளைவு போட்டிருப்பார்கள். முதல் வாரத்தில் ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க ஒரு முழு நாள் ஆகும். எழுத்து புரியாத இடத்தில் இலக்கணத்தைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும்: இங்கே வேற்றுமை உருபு எதுவாக இருக்க முடியும், வினைச்சொல் எங்கே வந்து நிற்கும் என்று. வகுப்பறையில் மனப்பாடம் செய்த விதிகள் அந்தத் தாளின் முன் உண்மையான உதவியாக மாறுகின்றன. குரென்ட் வடிவத்தை முன்கூட்டியே ஓரளவு பழகிக்கொண்டு, அதை விண்ணப்பத்தில் குறிப்பிடுபவரை இந்த நிறுவனங்கள் கவனிக்கும்.

ஐரோப்பாவுக்குள் படிப்பவர்களுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸ் பயிற்சிப் பணியின் பணச் சிக்கலைப் பெருமளவு தளர்த்துகிறது. 2 முதல் 12 மாதம் வரையான பயிற்சிப் பணிக்கு மாத உதவியும், அதன்மேல் பயிற்சிக்கென மாதம் 150 யூரோ கூடுதலும் கிடைக்கின்றன. படிப்பு முடிந்தபின் ஓராண்டுக்குள்ளும் பயன்படுத்தலாம், ஆனால் முடிக்கும் முன்பே தேர்வாகியிருக்க வேண்டும். மற்ற நாட்டினருக்கு இது பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதனால் துறைத் தலைவரிடம் நேரில் கேட்பதே சிறந்த வழி.

பயிற்சிப் பணிக்கும் கோடை வகுப்புக்கும் நடுவே, அதிகம் பேசப்படாத ஒரு வாய்ப்பு இருக்கிறது: ஜெர்மன் பள்ளிகளில் அயல்மொழி உதவி ஆசிரியராகப் பணிபுரிவது. டி.ஏ.ஏ.டி. அல்லாமல், பள்ளிகளுக்கான பரிமாற்றச் சேவையான பி.ஏ.டி. இதை நடத்துகிறது. வாரத்திற்கு 12 பாடவேளைகள், மாத உதவித்தொகை, மீதி நேரம் உங்களுடையது. ஆஸ்திரியாவிலும் இதுபோன்ற திட்டம் உண்டு. நீங்கள் கற்பிப்பது உங்கள் நாட்டின் மொழியை. ஆனால் ஆசிரியர் அறையில் காப்பி அருந்தும்போதும், பதின்ம வயதினர் வகுப்பில் முணுமுணுக்கும்போதும், ஊரில் அறை வாடகைக்குத் தேடும்போதும் கேட்பது முழுக்க ஜெர்மன். பள்ளி ஒரு சிற்றூரில் அமைந்தால் வட்டார வழக்கும் காதுக்குப் பழகும். என் அளவுகோலின்படி எல்லா வாய்ப்புகளிலும் இதற்கே முதலிடம். குறை ஒன்றுதான், அது பெரிய குறை: ஒப்பந்தம் செய்துகொண்ட சில நாடுகளின் மாணவர்களுக்கு மட்டுமே இது திறந்திருக்கிறது. ஜெர்மன் நாடாளுமன்றம் 1986 முதல் நடத்தும் சர்வதேச நாடாளுமன்ற உதவித்தொகைக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. அங்கே ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் பணிபுரியலாம், ஆனால் அரசியலில் உண்மையான ஈடுபாடு இல்லாதவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

முதுகலைக்கான முழு உதவித்தொகைகளில் ஒப்பீடு வேறு தளத்துக்கு மாறுகிறது. டி.ஏ.ஏ.டி. முதுகலை உதவித்தொகை அண்மைக் காலத்தில் மாதம் 992 யூரோ. மருத்துவக் காப்பீடும் பயணச் செலவுக்கான உதவியும் அதனுடன் சேரும். இந்த எண்ணை மாணவர் விசாவுக்காக முடக்கக் கணக்கில் (முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில்) காட்ட வேண்டிய ஆண்டுத் தொகையான 11,904 யூரோவோடு வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒன்றே என்பது தெரியும். அதாவது உதவித்தொகை வாழ்க்கைச் செலவை ஈடுகட்டும், சேமிப்புக்கு வழியில்லை. ஹைடல்பெர்க், டியூபிங்கன், ஃப்ரைபர்க் ஆகிய மூன்றும் ஜெர்மன் இலக்கியம் படிப்போர் பெரிதும் விரும்பும் நகரங்கள், மூன்றுமே பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் உள்ளவை. அங்கே 2017 குளிர்கால செமஸ்டர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் வாங்குகிறார்கள். சொந்தச் செலவில் செல்பவர் லைப்ஸிக்கையோ யேனாவையோ கருதிப் பார்ப்பது நல்லது.

டி.ஏ.ஏ.டி.க்கு எதிரே நிற்பவை அரசியல் கட்சிகளைச் சார்ந்த அறக்கட்டளைகள்: கோன்ராட் அடனாவர், ஃப்ரீட்ரிஷ் எபர்ட், நோபல் பரிசு பெற்ற எழுத்தாளரின் பெயரைத் தாங்கிய ஹைன்ரிஷ் பியோல் முதலியவை. தொகையில் பெரிய வேறுபாடு இல்லை, எதிர்பார்ப்பில் இருக்கிறது. டி.ஏ.ஏ.டி. முதன்மையாக மதிப்பெண்ணையும் கல்வித் திட்டத்தையும் எடைபோடுகிறது. அறக்கட்டளைகள் சமூகப் பணியைக் கேட்கின்றன, தங்கள் கருத்தரங்குகளுக்கு வரச் சொல்கின்றன, நேர்காணலை ஜெர்மனிலேயே நடத்துகின்றன. இலக்கிய மாணவருக்கு இந்த மூன்றாவது நிபந்தனை தடையல்ல, மற்றத் துறையினரைவிட அவர் முந்தி நிற்கக்கூடிய இடம் அது.

காலக் கணக்கிலும் இரண்டும் வேறுபடுகின்றன. விண்ணப்பிக்கும்போது ஏற்கெனவே 15 மாதங்களுக்கு மேல் ஜெர்மனியில் தங்கியிருப்பவரை டி.ஏ.ஏ.டி. ஏற்பதில்லை, கடைசிப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. முதலில் போய்ச் சேர்ந்துவிடுவோம், உதவித்தொகையைப் பிறகு பார்க்கலாம் என்று கிளம்புபவர் இந்தக் கதவைத் தானே மூடிக்கொள்கிறார். அவருக்கு அறக்கட்டளைகள் மிஞ்சும். 2011 முதல் வழங்கப்படும் டொய்ச்லாண்ட்ஸ்டிபென்டியம் என்ற உதவித்தொகையும் மிஞ்சும். மாதம் 300 யூரோவான அதில் பாதியைக் கூட்டரசும் பாதியைத் தனியார் கொடையாளர்களும் தருகிறார்கள், குடியுரிமை எதுவாக இருந்தாலும் அங்கே படிக்கும் மாணவர் விண்ணப்பிக்கலாம்.

இளங்கலை மாணவருக்குச் சுவிஸ் அரசின் சிறப்பு உதவித்தொகை பொருந்தாது. அது பட்டம் பெற்ற ஆய்வாளர்களுக்கானது. ஆஸ்திரியாவின் ஃப்ரான்ஸ் வெர்ஃபல் உதவித்தொகை ஆஸ்திரிய இலக்கியத்தில் ஆழ்ந்த இளம் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு உரியது. முனைவர் பட்டத்தை நோக்கிச் செல்பவர்கள் அந்தப் பெயரை இப்போதே குறித்துவைத்துக்கொள்ளலாம். அதே நாட்டின் எர்ன்ஸ்ட் மாக் உதவித்தொகை சில மாத ஆய்வுத் தங்கலுக்கு ஏற்றது.

இப்போது இரண்டாம் ஆண்டில் இருப்பவர் என்னிடம் கேட்டால், அடுத்த கோடைக்கான வகுப்பு விண்ணப்பத்தை இந்தக் குளிர்காலத்துக்கு முன்பே எழுதத் தொடங்கச் சொல்வேன். பயிற்சிப் பணிக்கான கடிதங்களை நான்காம் செமஸ்டர் முடியும் தறுவாயில், இடம் வேண்டும் காலத்துக்கு எட்டு மாதம் முன்னதாக அனுப்பலாம். அதற்கிடையில் துறை அலுவலகத்துக்குப் போய், பயிற்சி பாடத்திட்டத்தில் கட்டாயமா இல்லையா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு தாள் கையில் இருந்தால், சிறு பதிப்பகத்துக்கு அனுப்பும் கடிதத்தின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிடலாம்.