குறைந்த வெளிச்சத்தில் வீடியோ: சிக்கனமாக வாங்க எந்தக் கேமரா?

மங்கலான அறையில் எடுத்த வீடியோ புள்ளி புள்ளியாக வந்தால் உடனே கேமரா பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) மாற்றத் தோன்றும். பெரும்பாலும் மாற்ற வேண்டியது லென்ஸைத்தான். பாடியோடு சேர்த்துக் கொடுக்கும் ஜூம் லென்ஸை முழுதாக நீட்டினால் அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் குறைந்தால் துளை பெரிது) எஃப் 5.6-இல் போய் நிற்கும். அங்கே எஃப் 1.4 லென்ஸைப் போட்டால், ஒளியைப் பதியும் சில்லான சென்சாருக்கு 16 மடங்கு வெளிச்சம் கிடைக்கும். ஐஎஸ்ஓ (சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவு) 12800 வைத்து எடுத்த அதே ஷாட்டை 800-இல் எடுத்துவிடலாம். இவ்வளவு பெரிய தாவலைப் புதிய பாடி எதுவும் தராது. அதனால் இங்கே எந்தக் கேமராவையும் தனியாக மதிப்பிடவில்லை. அதற்குப் பொருந்துகிற, வாங்கக் கட்டுப்படியாகிற லென்ஸோடு சேர்த்தே பார்க்கிறோம்.

ஐஎஸ்ஓவை ஏற்றினால் வெளிச்சம் கூடுவதில்லை. கிடைத்த சிக்னல்தான் பெரிதாகிறது, கூடவே புள்ளிகளாகத் தெரியும் நாய்ஸும் பெரிதாகிறது. நாய்ஸைக் குறைக்க முக்கிய வழி சென்சாருக்கு அதிக ஒளியைக் கொண்டு சேர்ப்பது. அதைத் தீர்மானிப்பவை மூன்று: சென்சாரின் பரப்பு, லென்ஸின் அபர்ச்சர், ஷட்டர் திறந்திருக்கும் நேரம். ஷட்டர் எல்லாக் கேமராவுக்கும் ஒன்றுதான் என்பதால் முதல் இரண்டை மட்டும் கணக்குப் போட்டால் போதும்.

முழு ஃப்ரேம் சென்சார் 36 x 24 மி.மீ. ஏபிஎஸ்-சி 23.5 x 15.6 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 x 13 மி.மீ. கேம்கார்டர்களில் வரும் ஒரு அங்குலச் சென்சார் 13.2 x 8.8 மி.மீ. முழு ஃப்ரேமின் பரப்பு ஏபிஎஸ்-சியைப் போல 2.36 மடங்கு. பெரிய வித்தியாசமாகத்தான் தெரிகிறது. ஆனால் முழு ஃப்ரேமில் விலை குறைந்த 50 மி.மீ எஃப் 1.8 லென்ஸையும், ஏபிஎஸ்-சியில் 30 மி.மீ எஃப் 1.4 லென்ஸையும் போட்டுப் பாருங்கள். முழு ஃப்ரேமின் முன்னிலை 1.4 மடங்காகச் சுருங்கிவிடும், அதாவது அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). முழு ஃப்ரேமில் எஃப் 4 ஜூம் போட்டால் கணக்கே தலைகீழாகிவிடும்: ஏபிஎஸ்-சிக்குத்தான் 3.5 மடங்கு ஒளி. பாடிக்கே பட்ஜெட்டை எல்லாம் கொட்டிவிட்டு மலிவான ஜூமை மாட்டுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

சோனி இசட்வி-இ10, எஃப் 1.4 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸுடன்

புதிதாக வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். 2021-இல் வந்த 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமரா. 4கே வீடியோவை 6கே அளவில் படித்துச் சுருக்கித் தருவதால் படம் கூர்மையாக இருக்கும், நாய்ஸும் நுண்ணியதாகத் தெரியும். ஆட்டோஃபோகஸ் இருட்டிலும் முகத்தை நன்றாகப் பிடிக்கும். சிக்மாவின் 16, 30, 56 மி.மீ எஃப் 1.4 லென்ஸ்கள் மூன்றும் இதற்குப் பொருந்தும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 30 மி.மீ. சின்ன அறைக்குள்ளேயே படம்பிடிப்பவர்களுக்கு 16 மி.மீ.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. 4கேவில் 30 ஃப்ரேம் வைத்தால் 1.23 மடங்கு கிராப் ஆகும், அதாவது ஓரங்கள் வெட்டப்படும். சென்சார் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு வீண். 24 அல்லது 25 ஃப்ரேமில் இந்த இழப்பு இல்லை. வீடியோ 8 பிட் மட்டுமே, அதாவது நிறப் படிகள் குறைவு. ஆகவே பின்னால் நிறம் திருத்துவதற்கான எஸ்-லாக் 3 என்ற தட்டையான ப்ரொஃபைல் பக்கமே போக வேண்டாம். இருட்டான பகுதிகளைக் கிரேடிங்கில் (நிறத் திருத்தத்தில்) தூக்கினால் நிறம் பட்டை பட்டையாக உடையும். சினி 4 போன்ற மென்மையான ப்ரொஃபைலே போதும். ஐஎஸ்ஓ 3200 வரை தயங்காமல் போகலாம். 6400-க்கு நாய்ஸ் ரிடக்ஷன் தேவைப்படும், அதற்கு மேல் நிறம் செத்துவிடும்.

பாடிக்குள் சென்சார் ஸ்டெபிலைசேஷன் இல்லை, எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் மட்டும்தான். மங்கிய ஒளியில் அதை அணைத்துவிடுங்கள். ஷட்டர் 1/50 நொடியில் இருக்கும்போது கை நடுங்கினால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மங்கல் பதிந்துவிடும். மென்பொருள் ஃப்ரேமை நிலைநிறுத்தலாம், பதிந்த மங்கலை அழிக்க முடியாது. படம் அசையாமல் நிற்கும்போதே விட்டுவிட்டுக் கலங்குவது போலத் தெரிவது இதனால்தான். மோனோபாட் (ஒற்றைக் கால் தாங்கி) ஒன்று இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கும். மெனுவில் ஆட்டோ ஸ்லோ ஷட்டர் என்ற வசதியையும் ஆஃப் செய்யுங்கள். இருட்டைக் கண்டதும் அது ஷட்டரைத் தானாகக் குறைத்து அசைவுகளை இழுத்துவிடும்.

செகண்ட்ஹேண்டில் சோனி ஏ7எஸ் 2

2015-இல் வந்தது. முழு ஃப்ரேமில் 12 மெகாபிக்சல் மட்டும். ஐஎஸ்ஓ 12800-இலும் பயன்படுத்தத்தக்க படம் தரும் பழைய கேமராக்களில் இது ஒன்று. பாடிக்குள்ளேயே ஐந்து அச்சு ஸ்டெபிலைசேஷன், 4கே உள்பதிவு இரண்டும் உண்டு. இதற்கு முந்தைய ஏ7எஸ்-இல் 4கே வேண்டுமானால் வெளியே ரெக்கார்டர் மாட்ட வேண்டும். குறைந்த விலையைப் பார்த்து அதை வாங்கிவிட வேண்டாம்.

ஏ7எஸ் 2-இன் பலவீனம் ஆட்டோஃபோகஸ். கான்ட்ராஸ்ட் முறையில் மட்டுமே இயங்குவதால், வெளிச்சம் குறைந்தால் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். கையால் ஃபோகஸ் செய்யத் தெரிந்தவர்களுக்கே இது பொருந்தும். இதுவும் 8 பிட். எஸ்-லாக் 2-க்குக் குறைந்தபட்ச ஐஎஸ்ஓ 1600. மிக உயர்ந்த ஐஎஸ்ஓவில் உள்ளேயே நடக்கும் நாய்ஸ் ரிடக்ஷனால், நகரும் பொருளுக்குப் பின்னால் லேசான நிழல் ஒன்று இழுபடும். ஒரு கிளிப் 29 நிமிடத்தைத் தாண்டாது. பேட்டரியும் சின்னது, மூன்று பேட்டரி கையில் இருந்தால் நிம்மதி. தெரு விளக்கு மட்டுமே இருக்கும் சாலை, மெழுகுவத்தி வெளிச்சம், நிலவொளி என்று கூடுதல் விளக்கு வைக்கவே வழியில்லாத இடங்களுக்கு மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே

கிரேடிங் செய்யத் தெரிந்தவர்களின் கைக்கு இது. இதில் இரண்டு நேட்டிவ் ஐஎஸ்ஓ (சென்சார் சிறப்பாக இயங்கும் இயல்பான அளவு): 400, 3200. சென்சாரின் மின்சுற்று 1250-இல் மாறுகிறது. அதனால் ஐஎஸ்ஓ 1000-ஐவிட 1250-இல் நிழல் பகுதிகள் சுத்தமாக இருக்கும். இது தெரியாமல் "குறைவாக வைத்தால் நல்லது" என்று 800, 1000-இல் எடுப்பவர்கள் வீணாக நாய்ஸை வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் 1250-இல் பிரகாசமான பகுதிகளுக்கு இடம் குறைவு. ஃப்ரேமுக்குள் விளக்கு தெரிந்தால் 3200-க்கே போய்விடுங்கள்.

சென்சார் சிறியது (மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகை) என்ற குறையை, லென்ஸின் ஒளியைச் சிறிய பரப்பில் குவிக்கும் 0.71 மடங்கு ஸ்பீட் பூஸ்டர் அடாப்டர் ஈடுகட்டும். முழு ஃப்ரேமுக்கோ ஏபிஎஸ்-சிக்கோ செய்த கேனான் மவுன்ட் லென்ஸை மாட்டினால் ஒரு ஸ்டாப் ஒளி கூடும். சிக்மா 18-35 மி.மீ எஃப் 1.8 ஜூமை இப்படி மாட்டினால் அது எஃப் 1.3 போல வேலை செய்யும்.

செலவு மறைந்திருப்பது பாடிக்கு வெளியே. பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. தொடர் ஆட்டோஃபோகஸ் கிடையாது, ஸ்டெபிலைசேஷனும் கிடையாது. மிகச் சுருக்கமான 12:1 பிளாக்மேஜிக் ரா கோப்பு வடிவில் 30 ஃப்ரேம் எடுத்தாலும் மணிக்குச் சுமார் 120 ஜிபி ஆகும். இசட்வி-இ10-இன் 100 மெகாபிட் பதிவுக்கு 45 ஜிபி போதும். யுஎஸ்பி-சி வழியாக எஸ்எஸ்டியில் நேரடியாகப் பதிய முடிவது ஆறுதல். புதிய கேமராவோடு டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங் மென்பொருளின் உரிமம் சேர்ந்து வரும், நல்ல நாய்ஸ் ரிடக்ஷன் அந்தக் கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. செகண்ட்ஹேண்டில் வாங்கினால் அந்த உரிமத்தை முதல் உரிமையாளர் பயன்படுத்திவிட்டாரா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

பானாசோனிக் லூமிக்ஸ் எஸ்5

2020-இல் வந்த முழு ஃப்ரேம் கேமரா. 10 பிட், வி-லாக்கில் (பானாசோனிக்கின் தட்டையான ப்ரொஃபைல்) 640, 4000 என்று இரட்டை நேட்டிவ் ஐஎஸ்ஓ, உறுதியான ஸ்டெபிலைசேஷன். கையில் பிடித்தே படம்பிடிப்பவர்களுக்கு, படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால், இந்தப் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் ஆட்டோஃபோகஸில் பின்னணி மெல்லத் துடிக்கும், இருட்டில் அது இன்னும் மோசம். ஒருமுறை ஃபோகஸ் பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுவதே பத்திரம். 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடிய) பதிவுக்கு 30 நிமிட வரம்பு உண்டு. பட்ஜெட் சற்றே கூடினால் 2023-இன் எஸ்5 2 ஆட்டோஃபோகஸ் குறையைத் தீர்க்கிறது.

கேம்கார்டர் எப்போது?

மேடை நிகழ்ச்சியைப் பின்வரிசையிலிருந்து இரண்டு மணி நேரம் இடைவிடாமல் எடுக்க வேண்டுமானால் மட்டும். சோனி ஏஎக்ஸ்700-இல் ஒரு அங்குலச் சென்சார், 12 மடங்கு ஜூம். அபர்ச்சர் எஃப் 2.8-இல் தொடங்கி முழு ஜூமில் 4.5-க்கு இறங்கும், ஒளி பாதிக்கும் கீழே போய்விடும். மேடையில் விளக்கு இருப்பதால் சமாளிக்கலாம். இதைவிடச் சின்னச் சென்சார் உள்ளவற்றை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் குறைந்தபட்ச லக்ஸ் எண்ணையும் (எவ்வளவு குறைந்த ஒளியில் படம் வரும் என்ற அளவு) நம்ப வேண்டாம். ஷட்டரை மெதுவாக்கி, கெயினை (சிக்னல் பெருக்கத்தை) உச்சத்துக்கு ஏற்றி, ஏதோ ஓர் உருவம் தெரிந்தாலே அந்த எண் கிடைத்துவிடும்.

எதை வாங்கினாலும்

எஃப் 1.4 இலவசமாக வருவதில்லை. ஏபிஎஸ்-சியில் 30 மி.மீ லென்ஸை 2 மீட்டரில் வைத்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 25 செ.மீ.தான். பேசுபவர் முன்னால் சாய்ந்தாலே முகம் மங்கும். இரண்டு பேர் பேசும் காட்சிக்கு இருவரையும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் உட்கார வைத்தால் அபர்ச்சரை மூடாமலே சமாளிக்கலாம்.

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் ஷட்டர் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. மாறினால் விளக்கொளி பட்டையாக ஓடும். காட்சியில் அசைவே இல்லையென்றால், 25 ஃப்ரேமில் ஷட்டரை 1/25-க்கு இறக்கி ஒரு ஸ்டாப் மிச்சப்படுத்தலாம்.

குறைவான வெளிச்சத்தில் எடுத்துவிட்டுக் கணினியில் தூக்குவதைவிட, ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தில்) முகம் நடுப்பகுதிக்கு வரும்படி ஐஎஸ்ஓவை எடுக்கும்போதே ஏற்றுவது மேல். 8 பிட் கேமராவில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். காட்சி இருட்டாகத் தெரிய வேண்டுமானால் கிரேடிங்கில் இறக்கிக்கொள்ளுங்கள், நாய்ஸும் சேர்ந்து அமுங்கும்.

செகண்ட்ஹேண்ட் பாடியை வாங்கும் இடத்திலேயே சோதியுங்கள். கேமரா பத்து நிமிடம் ஓடிச் சூடாகட்டும். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/50 வைத்து ஒரு நிமிடம் பதியுங்கள். அதைப் பெரிய திரையில் பாருங்கள். மாறிக்கொண்டே இருக்கும் மணல் போன்ற நாய்ஸ் இயல்பு. ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் சிவப்பு, வெள்ளைப் புள்ளிகள் ஹாட் பிக்சல்கள். எஸ்5-இல் மெனுவில் உள்ள பிக்சல் ரெஃப்ரெஷை ஓட்டினால் அவை மறையக்கூடும். நெடுக்காகவோ குறுக்காகவோ நிலையான கோடுகள் தெரிந்தால் விலையை எவ்வளவு குறைத்தாலும் அந்தப் பாடி வேண்டாம்.