மலாவி ஊழியப் பயணம்: கட்டணத்துக்குள் இருந்ததும் இல்லாததும்

கடந்த ஜூன் மாதம் ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவைப் பகுதிச் சபைகளைச் சேர்ந்த 14 பேர், தெற்கு மலாவியின் கிராமங்களுக்கு 12 நாள் ஊழியப் பயணமாகச் சென்று வந்தோம். விமானச்சீட்டு, தங்குமிடம், வாகனம், கிராமப் பணி அனைத்தையும் ஒரே கட்டணத்தில் ஒழுங்குசெய்து தரும் ஒரு நிறுவனத்தின் மூலமாகவே சென்றோம். அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுக்க எண்ணியிருக்கும் சபையார் சிலர் விவரம் கேட்டதால் இதனை எழுதுகிறேன்.

பயண ஒழுங்குகளில் பெரிய குறை சொல்வதற்கில்லை. அடிஸ் அபாபா வழியாகப் பிளான்டயர் நகரின் சிலேக்கா விமான நிலையத்தை உரிய நேரத்தில் அடைந்தோம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கான சான்றிதழையும் முன்கூட்டியே பெற்றுத் தந்திருந்தார்கள். ஆனால் மலேரியாவைப் பற்றி, நுளம்பு விரட்டி கொண்டு வாருங்கள் என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டதால் அந்த நோயைப் பற்றிய பயமே நம்மவர்களுக்கு விட்டுப்போயிற்று. மலாவியிலோ அது அன்றாட நோய். நமது சுகாதார அமைச்சின் மலேரியா எதிர்ப்பு இயக்கம், வெளிநாடு செல்வோருக்குத் தடுப்பு மாத்திரைகளை இலவசமாகவே வழங்குகிறது என்பதைக் குழுவிலிருந்த ஒரு தாதி தற்செயலாக அறிந்து சொல்லியிராவிட்டால், நாங்கள் வெறுங்கையோடு போயிருப்போம்.

ஆபிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய பருத்தி உடைகளைக் கொண்டுவரச் சொன்னது இன்னொரு தவறு. மே முதல் ஜூலை வரை தியோலோ, முலாஞ்சே பகுதிகளில் ‘சிப்பரோனி’ என்று அவ்வூரார் அழைக்கும் குளிர்ந்த தூறலும் மூடுபனியும் நாட்கணக்கில் இறங்கி நிற்கும். மலைநாட்டில் பிறந்து வளர்ந்த நாங்கள் கம்பளிச் சட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போய், அங்கே சிற்றுண்டிச்சாலையின் மேசை விரிப்பைப் போர்த்திக்கொண்டு இருந்தோம்.

தங்குமிடம் சுத்தமாக இருந்தது. வெள்ளைச் சோளமாவில் கிண்டும் ‘ந்சீமா’ நமது களியை ஒத்தது. அதோடு தரும் ‘உசிபா’ என்னும் ஏரி மீன் கருவாட்டில் நெத்தலியின் வாசனை இருந்ததால் சோற்றுக்காக யாரும் ஏங்கவில்லை.

பணித்திட்டத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விளம்பரத்தில் அந்தப் பகுதி ‘சுவிசேஷம் எட்டாத இடம்’ என்று எழுதப்பட்டிருந்தது. பிளான்டயரில் ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் மிஷன் 1876 இலேயே தொடங்கிவிட்டது. டிக்கோயாவில் நாம் பெருமையோடு காட்டும் வார்லி தேவாலயம் 1878 இல் கட்டப்பட்டதுதான். கட்டடக்கலை படியாத டேவிட் கிளெமென்ட் ஸ்கொட் என்ற போதகரின் வழிநடத்தலில் எழுந்து 1891 இல் நிறைவுபெற்ற செங்கல் ஆலயம் இன்றும் பிளான்டயரில் நிற்கிறது. நாங்கள் போன கிராமச் சபைகளில் மூப்பர்களும் பாடகர் குழுவும் இருந்தார்கள். அவர்களுடைய நாலு குரல் பாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கீர்த்தனை சற்று மெலிந்தே ஒலித்தது. அப்படிப்பட்ட சபையாரிடம் எது தேவை என்று ஒரு முறையேனும் கேட்காமல், பாடசாலைச் சுவருக்கு வர்ணம் பூசும் வேலையை எங்களுக்கு வைத்திருந்தார்கள். வேலையில்லாத இரண்டு வர்ணக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று எங்கள் தூரிகைப் பிடியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மறுநாள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி இனிப்புக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். என் சிறுவயதில் எங்கள் லயத்துக்கும் வெளிநாட்டார் வந்து இப்படித்தான் பிஸ்கட் கொடுத்தார்கள். படம் எடுக்கும்வரை அதைத் தின்ன விடவில்லை. ஆகவே நான் கமராவின் பக்கம் போகவில்லை.

பயணத்தில் மிகச் சிறந்த நேரம் அட்டவணையில் இல்லாதது. தியோலோவில் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஓரமாக வாகனம் நின்றபோது, 31 வருடம் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா இறங்கித் தேயிலை மலைக்குள் போய்விட்டார். அங்கே ஆண்களும் கூடை சுமந்து கொழுந்தெடுக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கூடையை வாங்கி அக்கா பறிக்கத் தொடங்க, பக்கத்து நிரைகளில் இருந்தவர்கள் கைவேலையை விட்டுவிட்டு அவருடைய விரல்களையே பார்த்தார்கள். பிறகு ஓட்டுநரின் மொழிபெயர்ப்பில் இருதரப்பும் பேசியதெல்லாம் கிலோக் கணக்கும் சம்பளமும்தான். இந்த நாற்பது நிமிடத் தாமதத்துக்காக ஏற்பாட்டாளர் எங்களைக் கடிந்துகொண்டார்.

அவர் சொல்லியிருக்க வேண்டிய கதையோ வேறு. பிளான்டயர் மிஷன் தோட்டத்தில் பிழைத்த தேயிலைச் செடிகளின் விதையைக் கொண்டு 1891 இல் முலாஞ்சேயில் தோட்டம் போட்டவர் ஹென்றி பிரவுன்; இலைநோயில் கோப்பி அழிந்தபின் இலங்கையை விட்டுப் போன துரை அவர். அதேபோல், குடியிருக்கும் நிலத்துக்கு வாடகையாக உழைப்பைப் பிடுங்கிய ‘தங்காத்தா’ முறையையும் தோட்டக் கொடுமையையும் எதிர்த்து 1915 ஜனவரியில் கிளர்ந்தெழுந்து, அடுத்த மாதமே சுட்டுக்கொல்லப்பட்டவர் ஜோன் சிலெம்புவே என்ற பப்டிஸ்ட் போதகர். அவருடைய முகம் பதித்த குவாச்சா நோட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த எங்களுக்கு, அவர் யாரென்று கடைசி நாளில் ஓட்டுநர்தான் சொன்னார்.

கட்டணத்தில் எவ்வளவு கிராமத்துக்குப் போயிற்று என்று எழுத்தில் கேட்டேன்; இன்றுவரை பதில் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்பே அந்தக் கணக்கை வாங்கிக்கொள்வது நல்லது. பணியைத் தீர்மானிப்பது அங்குள்ள சபையாரா, இங்குள்ள அலுவலகமா என்பதையும் கேளுங்கள்.

அடுத்த குழு ஜனவரியில் புறப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். பழைய சோளம் தீர்ந்து புதியது விளையாத பஞ்ச மாதங்கள் அவை. மழையில் மண்பாதைகளும் கெட்டிருக்கும். விருந்தாளி வந்தால் தங்கள் பங்கை எடுத்து வைத்துவிடும் அந்த வீடுகளுக்கு அப்போது 14 பேராகப் போய் இறங்குவது நியாயமில்லை. அறுவடை முடிந்து, மே மாதத்துக்குப் பின்னர் திகதி வைக்கச் சொல்லுங்கள்; கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம்.