சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 48கே: கொள்ளாம், ஆனா சோல்டரிங் தெரியணும்

நாகர்கோவிலில் எஞ்சினியரிங் படிக்கிற நாங்கள் மூன்று பேர் பங்கு போட்டு, பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் 7,000 ரூபாய்க்கு இதை வாங்கி நாலு மாதம் ஆகிறது. 1982-இல் இங்கிலாந்தில் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர் இது. இசட்80ஏ பிராசசர், 3.5 மெகாஹெர்ட்ஸ், 48 கிலோபைட் மெமரி; வாட்ஸ்ஆப்பில் சித்தப்பா அனுப்புகிற குட்மார்னிங் படம்கூட இதில் அடங்காது. வாங்கலாமா என்று ஜூனியர் பசங்க கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அடாப்டர். இதை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு அடாப்டர் இல்லாமல்தான் கிடைத்தது. 9 வோல்ட்தானே என்று வீட்டில் சும்மா கிடந்த மோடம் அடாப்டரைச் செருகினேன். இந்த மெஷினுக்குப் பின்னின் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். இப்போது வருவதெல்லாம் பெரும்பாலும் நேர்மாறு. அவ்வளவுதான், அப்புறம் சரியான சப்ளை கொடுத்தும் திரையில் கோடுகோடாகக் குப்பை. "மக்கா, மீட்டர் வச்சுப் பாத்தியா இல்லியா?" என்றான் நண்பன். அவன் சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கிறவன், பெடல் அடாப்டரிலும் நடுவில் மைனஸ்தான் என்பதால் அவனுக்கு இது முன்பே தெரியும். செருகுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

வடசேரியில் பழைய டிவி ரிப்பேர் பார்க்கிற அண்ணாச்சி ஒருவர்தான் வழி காட்டினார். 4116 மெமரி சிப் எட்டு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் மூன்று வோல்டேஜ் வேண்டும். "ஒண்ணாம் காலைப் பாரு மக்களே" என்றார். மைனஸ் 5 இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். டிஆர்4 என்ற டிரான்சிஸ்டர் போயிருந்தது, மைனஸ் 5 கிடைக்காமல் ஓடியதில் இரண்டு சிப்பும் கூடவே போயிருந்தன. விரல் வைத்தால் சுட்ட இரண்டும் அவைதான். கால்களை வெட்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி உருவி, சாக்கெட் வைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, போர்டில் ஒரு டிராக்கும் உரிந்து வந்து, அதற்கும் ஒயர் போட்டு ஒட்டினோம். கடைசியில் திரையின் அடியில் 1982 சின்க்ளேர் என்ற வரி வந்தபோது ஹாஸ்டல் வார்டன் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம்.

கீபோர்டு ரப்பர் கட்டை, 40 பட்டன். உள்ளே பட்டன் அழுத்துவதைப் பிடிக்கிற மெல்லிய ஷீட்டான மெம்ப்ரேனின் நாடா இத்தனை வருடத்தில் அப்பளமாகிவிடும், மடக்கினால் நொறுங்கும். புதிதாகச் செய்து விற்கிறார்கள், மெஷின் வாங்கும்போதே ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். பி-யை ஒரு தட்டு தட்டினால் முழு பிரிண்ட் என்ற வார்த்தையே வந்து விழும், பழக ஒரு வாரம். எனக்குப் பிடித்தது வேறு: புரோகிராம் வரியில் பிழை இருந்தால் என்டர் தட்டினாலும் உள்ளே விடாது, தப்பான இடத்தில் ஒரு கேள்விக்குறி மினுங்கிக்கொண்டே நிற்கும். லேபில் பக்கம்பக்கமாக எரர் பார்த்துப் பழகினவனுக்கு இது சுகம்.

அந்தக் காலத்தில் கேம் கேசட்டில் சத்தமாகப் பதிந்துதான் வரும். இப்போது கேம் ஏற்ற கேசட் தேவையில்லை, போனின் ஹெட்போன் ஒயரை இயர் சாக்கெட்டில் செருகி, வால்யூமை ஏற்றி அந்தச் சத்தத்தின் ஆடியோ ஃபைலை ஓடவிட்டால் போதும். திரை ஓரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமாக, அப்புறம் நீலமும் மஞ்சளுமாகக் கோடு ஓடும். நாலு நிமிடம் முடியப் போகும்போது ஒரு மெசேஜ் டிங் என்றது, ஆர் டேப் லோடிங் எரர். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள்.

குளச்சல், முட்டம் பக்கம் வீடு என்றால் ஒன்று சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் பின்பக்கக் கனெக்டர் பச்சை பிடிக்கிறது, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தால் போகும். அப்புறம் நம்ம ஊர் மழை. கரண்ட் போனால் அடித்த புரோகிராமும் போச்சு. நண்பனின் கிரிக்கெட் ஸ்கோர் புரோகிராம் 60 வரி அப்படித்தான் போனது, இப்போது அவன் பத்து வரிக்கு ஒரு தடவை தாத்தாவின் டேப் ரெக்கார்டரில் சேவ் செய்கிறான்.