என் குறையைக் கேட்டு எனக்கே விற்றார்கள்: அண்ணா நகர்ப் பயிற்சி மையம் ஒன்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்காக அண்ணா நகரில் உள்ள ஒரு பயிற்சி மையத்தில் 33,040 ரூபாய் கட்டி ஏமாந்தேன். அங்கே சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிட வேண்டும்.

முகநூல் விளம்பரத்தில் என் எண்ணைப் பதிந்த பத்தாவது நிமிடத்தில் அழைப்பு வந்தது. பேசிய பெண் கட்டணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "படிப்பதற்கு எது மேடம் உங்களுக்குத் தடையாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்பத்தூரில் கிடங்கு வேலை, வீடு திரும்ப ஏழரை ஆகிவிடும், தமிழ்ப் பகுதியின் 100 வினாக்களில் பயமில்லை, ஆனால் திறனறிவுப் பகுதியின் 25 வினாக்களில் தனிவட்டியைத் தாண்டி எதுவும் பிடிபடவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். "புத்தகத்தைத் திறந்தால் தூக்கம்தான் வருகிறது, கணக்கு வருவதில்லை" என்றும் சொன்னேன். அவர் சிரித்தார், குறித்தும் வைத்துக்கொண்டார் போலும்.

நான் சொன்ன குறைகள் ஒவ்வொன்றும் சற்று நேரத்தில் அவர் வாயிலிருந்து வாக்குறுதியாகத் திரும்பி வந்தன: வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே இரவு எட்டு மணி வகுப்பு, அதில் இருபது பேர் மட்டும், வாரத்தில் மூன்று நாள் கணக்கு. நான்கு இடங்களே மீதம் என்றும், அன்றிரவுக்குள் கட்டினால் 28,000 ரூபாயும் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும்தான் என்றும் அவசரப்படுத்தினார். ஒன்பது நாள் கழித்துச் சேர்ந்த ஒருவரிடமும் அதே நான்கு இடங்களைத்தான் சொல்லியிருந்தார்கள்.

எட்டு மணி வகுப்பு ஆறு நாள் நடந்தது. ஏழாம் நாள், சனி ஞாயிறு வகுப்போடு எங்களை இணைத்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. போய்ப் பார்த்தால் கூடத்தில் தொண்ணூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். கணக்கு ஆசிரியர் இரண்டே முறை வந்தார். மற்ற நாள்களில் ஒருவர் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை வரிவரியாக வாசித்தார். விட்டுப்போன கணக்குக்காகத் தந்த காணொளியில் கரும்பலகையின் இடது பாதி கேமராவுக்குள் வரவே இல்லை என்பதால், 'வேலையும் நேரமும்' கணக்குகள் அனைத்தும் மூன்றாவது படியிலிருந்தே தொடங்கின.

அந்தப் பெண்ணை அழைத்தபோது, "நான் அட்மிஷன் டீம் மேடம், வகுப்பு விஷயத்தை அகாடமிக் டீமிடம்தான் கேட்க வேண்டும்" என்றார். அந்த டீமின் எண்ணை யாரும் எடுக்கவில்லை. கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று ரசீதின் அடியில் கடுகளவு எழுத்தில் இருந்ததை அன்றுதான் கவனித்தேன். 5,040 ரூபாய் வரி வாங்கிய அந்த ரசீதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. வாக்குறுதிகளை எழுத்தில் வாங்காமல் போனது என் தவறு.

பயிற்சி மையங்கள் பாடம், ஆசிரியர், கட்டணத்தைத் திருப்பித் தரும் முறை ஆகியவற்றைப் பற்றிப் பொய்யாக விளம்பரம் செய்வதையும், இடம் தீர்ந்துவிடும் என்று போலி அவசரம் காட்டுவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன. இதைச் சொல்லி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். ஏழு வாரம் கழித்து 12,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் திருமங்கலம் பேருந்து நிழற்குடையில் சென்ற மாதம் அவர்களுடைய புதிய சுவரொட்டியைப் பார்த்தேன். "புத்தகத்தைத் திறந்தால் தூக்கம்தான் வருகிறதா? கணக்கு வரவில்லையா?" என்று அதில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.