மீன் செத்தால் திருஷ்டி கழிந்ததாம்! சேலத்தில் பெரிய மீன்தொட்டி வைக்க நினைப்பவர்கள் படியுங்கள்

சேலத்தில் பெரிய மீன்தொட்டி செய்துவைத்து, மாதா மாதம் வந்து சுத்தமும் செய்துதருவதாக ஒருவர் ஆர்டர் பிடித்துக்கொண்டிருக்கிறார். அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், ஹஸ்தம்பட்டி பக்கம் நிறைய வீடுகளில் அவர் வைத்த தொட்டிகள் இருக்கின்றன. பெயரை இங்கே போடவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம், அதுவரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். தொழில் நடத்தும் விதத்தை எழுதலாம் அல்லவா, அதை எழுதுகிறேன். அவருடைய பராமரிப்புதான் மீன்களைக் கொல்கிறது. செத்த மீனுக்குப் பதில் புது மீனை விற்பவரும் அவரேதான்.

நாங்கள் கேட்டது 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள நன்னீர் தொட்டி. தொட்டி, ஸ்டாண்டு, ஃபில்டர், லைட், கல், மீன் எல்லாம் சேர்த்து 72,000 ரூபாய்; பராமரிப்புக்கு மாதம் 1,500. இந்த அளவுத் தொட்டி கிட்டத்தட்ட 680 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 900 கிலோ பக்கம் வரும். எங்கள் வீடு முதல் மாடி. எந்த இடத்தில் பீம் ஓடுகிறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹால் நடுவில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் "லுக்கா இருக்கும்" என்றார். என் வீட்டுக்காரர் வீடு கட்டிய மேஸ்திரியிடம் கேட்டு, பீம் மேல் வருகிற சுவர் ஓரமாகத்தான் வைக்க வேண்டும் என்று நின்றார்.

கண்ணாடி 12 எம்.எம். என்று எஸ்டிமேட் சீட்டில் எழுதியிருந்தது. தண்ணீர் நிரப்பிய பிறகு முன்பக்கக் கண்ணாடி நடுவில் லேசாக வயிறு தள்ளியது. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த கண்ணாடிக்கடைக்காரர் மேல் விளிம்பில் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "இது எட்டுதாங்க" என்றார். 2 அடி உயரத்தில் 6 அடி நீளத்துக்கு 12 போடுவதுதான் வழக்கம். அவரை வைத்தே குறுக்குப் பட்டை ஒட்டி, தண்ணீர் மட்டத்தையும் குறைத்து வைத்திருக்கிறோம். இது தனி வழக்கு. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மீன் செத்த கதை.

தண்ணீர் ஊற்றிய மூன்றாம் நாளே மீன் கொண்டுவந்து விட்டார்கள். ஆஸ்கர், பாரட், டின் ஃபாயில், அப்புறம் "ஷார்க்" என்று சொல்லி வெள்ளியாக மின்னும் குட்டிகள். அந்த ஷார்க் உண்மையில் பங்காசியஸ் கெளுத்தி. விரல் நீளத்தில் வாங்கினால் ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. எந்த வீட்டுத் தொட்டிக்கும் ஆகாத மீன் அது. சரி, விற்கிறவர்கள் எல்லோரும்தான் அதை விற்கிறார்கள்.

புதுத் தொட்டியில் மூன்றாம் நாள் மீன் விடுவது ஏன் தப்பு என்றால், மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகும். அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதன் தீமை மிகக் குறைவு, தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்றி அதை வெளியேற்றிவிடலாம். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அவரோ ஒரு குட்டி பாட்டிலை ஊற்றி, "பாக்டீரியா போட்டாச்சு மேடம், இனி கவலையில்ல" என்று கிளம்பிவிட்டார்.

முதல் வாரத்தில் செத்த மீன்களுக்கு, புதுத் தொட்டி என்றால் அப்படித்தான் என்றார். அடுத்த மாதம் செத்தவற்றுக்குச் சொன்ன காரணம்தான் என் மாமியாரை அப்படியே கட்டிப்போட்டது: "வீட்டுக்கு வர வேண்டிய கெட்டதை மீன் வாங்கிக்கிச்சும்மா. திருஷ்டி கழிஞ்சுதுன்னு நெனச்சுக்குங்க." அத்தை உடனே தலையாட்டிவிட்டார். அதற்குப் பிறகு எந்த மீன் செத்தாலும் நம் வீட்டில் துக்கம் இல்லை, கிட்டத்தட்ட நிம்மதி! வியாபாரி ஒருவர் தன் சரக்கு கெட்டுப்போனதற்கு வாங்கினவரிடமே நன்றி வாங்கும் சாமர்த்தியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர்களுடைய "சர்வீஸ்" எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இரண்டு பையன்கள் வருவார்கள். மீன்களை வாளியில் பிடித்துப் போட்டுவிட்டு தொட்டித் தண்ணீர் முழுவதையும் பாத்ரூமில் இறக்கிவிடுவார்கள். கல்லை அள்ளி, அரிசி கழுவுகிற மாதிரி நாலு தண்ணீரில் அலசுவார்கள். ஃபில்டரைப் பிரித்து ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்குவார்கள். செராமிக் வளையங்களுக்கு பிரஷ் வேறு. வாரக்கணக்கில் ஒட்டி வளர்ந்த பாக்டீரியா அதோடு போய்விடும். பிறகு சம்ப்பிலிருந்து மாநகராட்சித் தண்ணீரை நேராகப் பாய்ச்சுவார்கள். மேட்டூரிலிருந்து வருகிற காவிரித் தண்ணீர்தான், ஆனால் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஆகாத குளோரின் கலந்து வருகிறது. அதை முறிக்கும் மருந்தை அவர்கள் ஊற்றி நான் பார்த்ததேயில்லை. கடைசியாக நீல மருந்து, அதாவது மெத்திலீன் புளூ, நாலு சொட்டு. அது நோய்க்கு ஊற்ற வேண்டியது. நோயில்லாத தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் மிச்சமிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது பதம் பார்க்கும்.

அன்று சாயங்காலம் தொட்டி பளிச்சென்று இருக்கும், வந்தவர்கள் எல்லாம் போட்டோ எடுப்பார்கள். மறுநாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுக்கும். அதற்கு அடுத்த நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்புறம் ஒவ்வொன்றாக மிதக்கும். போன் செய்தால், "உங்க தண்ணி சரியில்ல மேடம். சார்கிட்ட பேசிக்கிறேன்" என்பார். சாரிடம் பேசி முடிக்கும்போது புது மீன்களும், தண்ணீரைத் தெளியவைக்கும் பாட்டில் ஒன்றும் பில்லில் ஏறியிருக்கும்.

இதைப் பிடித்தது என் மகள். ப்ளஸ் ஒன் படிக்கிறாள். மீன் செத்த நாளில் எல்லாம் சுவரில் மாட்டியிருக்கும் மாத காலண்டரில் பேனாவால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், சும்மா ஒரு வருத்தத்தில். கேஸ் வந்த நாள், பால்காரர் கணக்கு என்று நான் எழுதிவைக்கும் அதே காலண்டரில் சர்வீஸ் நாளும் குறித்திருந்தது. ஒரு நாள் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இவங்க வந்துட்டுப் போன வாரத்துலதான் எல்லாமே சாகுது. மத்த வாரம் ஒண்ணுகூட சாகல" என்றாள். உண்மைதான். சர்வீஸுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஒரு குறிகூட இல்லை.

சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் அமோனியா டெஸ்ட் கிட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினோம். அமோனியா இல்லையென்றால் மஞ்சளாக இருக்கும், இருந்தால் பச்சைக்கு மாறும். அடுத்த சர்வீஸுக்கு முந்தின நாள் பார்த்தபோது மஞ்சள். பையன்கள் வந்து வெளுத்துவிட்டுப் போன மறுநாளுக்கு மறுநாள் நல்ல பச்சை. இரண்டையும் கிட்டின் நிற அட்டையோடு வைத்துத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம். உறைமோரைக் கொட்டிவிட்டு வெறும் பாலை மூடிவைத்துத் தயிருக்குக் காத்திருப்பது போன்ற வேலையை மாதா மாதம் காசு கொடுத்துச் செய்யவைத்திருக்கிறார்கள் எங்களை.

இன்னொன்று. தொட்டியில் போட்ட வெள்ளைக் கல் மார்பிள் சில்லு. "இது இம்போர்டட்" என்று கிலோக் கணக்கில் தனி விலை போட்டிருந்தார். அதன் மேல் வினிகர் விட்டால் நுரைக்கிறது. எலுமிச்சைச் சாறு விட்டாலும் போதும். இப்படி நுரைக்கிற கல் தண்ணீரில் மெல்லக் கரைந்து கடினத்தன்மையைக் கூட்டும், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவைக் கீழே இறங்கவிடாது. எங்கள் தொட்டியில் 8.2 காட்டியது. ஏழிலிருந்து எட்டுக்கு பி.எச். ஏறினால், இருக்கிற அமோனியாவில் விஷமான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். தண்ணீர் சூடேறினாலும் அது கூடும். சேலத்து ஏப்ரல், மே வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, ஃபில்டரைக் கழுவி அமோனியாவை ஏற்றுவதும் அவர், அதைக் கொடிய விஷமாக்கும் கல்லை விற்றதும் அவர்.

காலண்டரையும் போட்டோவையும் காட்டிக் கேட்டேன். முதலில் சிரித்தார். "படிச்ச பிள்ளைங்க ஏதாவது சொல்வாங்க மேடம். நான் பதினஞ்சு வருஷமா கொளத்தூர்ல இருந்து மீன் எடுக்கிறேன்." சென்னைக் கொளத்தூரில் வாங்கினால் என்ன, எங்கே வாங்கினால் என்ன, குளோரின் தண்ணீரில் ஃபில்டரைக் கழுவலாமா என்று திரும்பக் கேட்டேன். "அழுக்கு இருந்தா உங்களுக்குத்தான் பிடிக்காது" என்றார். கடைசியில், "சில பேருக்கு மீன் ராசி இருக்காது, என்ன பண்றது" என்று முடித்தார். கட்டிய காசைத் திருப்பிக் கேட்டபோது போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

அவரை நிறுத்திய பிறகு நாங்களே பார்த்துக்கொள்கிறோம். வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீர் மட்டும் மாற்றுகிறோம். கல்லுக்குள் தேங்கும் கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கும்போதே அந்த அளவு இறங்கிவிடும். எடுத்த அந்தத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை லேசாக அலசிவிடுகிறோம். செராமிக் வளையத்தின் பக்கமே போவதில்லை. புதுத் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் விடுகிறோம். மார்பிளை அள்ளிவிட்டு, வினிகருக்கு நுரைக்காத ஆற்றுக் கூழாங்கல் போட்டிருக்கிறோம். தொட்டிக்குள் கொஞ்சம் பாசி இருக்கிறது, அத்தைக்கு அது பிடிக்கவில்லை. மீன்கள் சாகவில்லை.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீன் ஒன்று முக்கால் அடி வளர்ந்தபோது, "மூக்கனேரில விட்டுருங்க மேடம், பொழச்சுக்கும்" என்று அந்தப் பையன்களில் ஒருவன் யோசனை சொன்னான். அது நன்றாகவே பிழைத்துக்கொள்ளும், அதுதான் பிரச்சினை. முள்ளும் செதிலுமாக வலையைக் கிழித்து, மற்ற மீனுக்கு இரை இல்லாமல் செய்துவிடும். ஏரியில் விடாதீர்கள். கடையில் திருப்பிக் கொடுங்கள்.

ஏற்காட்டில் இருக்கும் என் நாத்தனார் வீட்டிலும் இதே ஆள்தான் தொட்டி வைத்தார். அங்கே கூத்து வேறு விதம். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வெதுவெதுவென்றே இருக்கும் சேலத்துத் தொட்டிக்கு இரண்டு ஹீட்டர் விற்றவர், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காட்டு வீட்டுக்கு ஒன்றுகூடப் போடவில்லை. மார்கழிக் குளிரில் வெப்பமண்டல மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தது. உப்பும், மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றும் வெப்பமும் அந்த நோய்க்கு எளிய மருந்து. அங்கேயும் நீல மருந்து பாட்டில்தான் போனது. மலைக்கு ஏறி வர பெட்ரோல் காசு தனி.

பணத்தைப் பற்றி. எங்களிடம் இருப்பது ஜி.எஸ்.டி. எண் இல்லாத எஸ்டிமேட் துண்டுச் சீட்டுகள், ஜிபே ரசீதுகள், வாட்ஸ்அப் பேச்சு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காததே முறையற்ற வணிகம் என்று இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை; இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்; நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். முதலில் விசாரிக்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட பலர், ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகச் சேர்ந்து போடவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. அதனால் "திருஷ்டி கழிஞ்சுது" என்ற வசனத்தை உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருந்தால், சர்வீஸ் தேதியும் மீன் செத்த தேதியும் எழுதி எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். துண்டுச் சீட்டு இருந்தால் அதன் போட்டோவும். கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு அந்த அளவையும் சொல்லுங்கள்.