மதுரையில் ஏடிஹெச்டி மதிப்பீடு: லீவில் வருகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) மதிப்பீட்டுக்கு அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் பெயர் கொடுத்தால் பல ஊர்களில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தனியாரிடம் போனால் நூற்றுக்கணக்கான பவுண்டு ஆகும். ஊருக்குப் போகும்போது அங்கேயே பார்த்துவிடலாம் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். இந்த லீவில் மதுரையில் நானும் அதைத்தான் செய்தேன். மதிப்பீடு நன்றாகவே நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு மருந்தை யார் எழுதுவார், யார் கவனிப்பார் என்பதை முடிவு செய்யாமல் யாரும் டோக்கன் போட வேண்டாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் போன கிளினிக்கின் பெயர் வேண்டாம். உள்ளே போய் உட்கார்ந்து பாதி சொல்வதற்குள், "அது சின்னப் பிள்ளைகளுக்கு வர்றதும்மா, உங்களுக்கு வேலை டென்ஷன்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கோபமாக வந்தது. ஏடிஹெச்டி சிறுவயதில் தொடங்குவது, உண்மை. பலருக்கு அது வளர்ந்த பிறகும் கூடவே இருக்கிறது என்பதும் உண்மை. வகுப்பில் அமைதியாக உட்கார்ந்து கனவு கண்டுகொண்டிருந்த பெண்பிள்ளைகளை யாரும் கவனிப்பதில்லை. அவர்களில் பலருக்கு முப்பது, நாற்பது வயதில்தான் விஷயமே தெரிய வருகிறது. அதனால் போன் செய்யும்போதே, "பெரியவர்களுக்கு ஏடிஹெச்டி பார்ப்பீர்களா, எத்தனை முறை வரச் சொல்வீர்கள், அறிக்கை எழுதித் தருவீர்களா" என்று கேட்டுவிடுங்கள். பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

அடுத்து கே.கே. நகரில் ஒரு மனநல டாக்டர் கிடைத்தார். முதல் சந்திப்பில் அவர் ஏடிஹெச்டி பற்றியே அதிகம் கேட்கவில்லை. தூக்கம், குறட்டை, தைராய்டு, மாதவிடாய், மனச்சோர்வு, பதற்றம், குடும்பத்தில் யாருக்காவது மனநோய், மது என்று வரிசையாகக் கேட்டார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஏடிஹெச்டியைக் காட்டிக்கொடுக்கிற ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. கவனம் சிதறுவதற்கு வேறு காரணம் இருந்தால் அதைப் பிடிப்பதற்காகத்தான் இந்தப் பரிசோதனைகள். உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்வித் தாளும் கொடுத்தார். இணையத்தில் பலர் போட்டுப் பார்க்கிற 6 கேள்விகள் அதன் முதல் பகுதிதான். அதில் மதிப்பெண் கூடினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பொருள், நோய் உறுதி என்று பொருளில்லை.

இரண்டாவது சந்திப்புக்கு அம்மாவை அழைத்து வரச் சொன்னார். ஊரில் பார்ப்பதன் மிகப்பெரிய லாபம் இதுதான் என்பேன். மனநல டாக்டர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்துகிற டிஎஸ்எம்-5 கையேட்டின் கணக்கின்படி 17 வயது நிரம்பியவர்களுக்குக் கவனம் சார்ந்த 9 அறிகுறிகளில் குறைந்தது 5 இருக்க வேண்டும், அல்லது துறுதுறுப்பு, அவசரம் சார்ந்த 9-இல் 5. அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். 12 வயதுக்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று லண்டனில் யாரிடம் கேட்பது? திருநகரில் அம்மா இருக்கிறார், பரணில் ரேங்க் கார்டும் இருக்கிறது.

"இவ சின்னதுலயே இப்படித்தான் டாக்டர். பரீட்சைக்குக் கிளம்புற நேரத்துலதான் பேனாவத் தேடுவா. ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் குடுத்தே எனக்கு அலுத்துப்போச்சு" என்று அம்மா ஆரம்பித்தார். டாக்டர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். "வீட்டு வேலைல எப்படிம்மா? கூடப் பிறந்தவங்களோட சண்டை போடுவாங்களா? சொன்னத எத்தன தடவ சொல்லணும்?" என்று ஒவ்வொன்றுக்கும் உதாரணம் கேட்டார். சோம்பேறி என்று பேர் வாங்கிய ஒரு பிள்ளையின் கதையை வேறொரு கோணத்தில் இத்தனை பொறுமையாக ஒருவர் கேட்பதைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது. பெற்றோர் இல்லாதவர்கள் அக்கா, அண்ணன், சித்தி என்று கூடவே வளர்ந்தவர் யாரையாவது அழைத்துப் போகலாம்.

அரசாங்கத்தில் பார்க்க விரும்பினால் ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. புற நோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கூட்டம் அதிகம் என்பதால் விரிவான மதிப்பீடு ஒரே நாளில் முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சித்திரைத் திருவிழாவை ஒட்டி வருகிறவர்கள், எதிர்சேவையும் அழகர் ஆற்றில் இறங்குவதும் நடக்கிற நாட்களைத் தவிர்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது.

இனி மருந்துக்கு வருகிறேன். இந்தியாவில் பெரும்பாலும் எழுதப்படுபவை மெத்தில்ஃபெனிடேட், அடோமாக்ஸெடின் இரண்டும். மெத்தில்ஃபெனிடேட் அன்றைக்கே வேலை செய்யும். அடோமாக்ஸெடினுக்கு வாரக்கணக்கில் ஆகும். முன்னது 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் எல்லா மெடிக்கலிலும் வைத்திருக்க மாட்டார்கள், அசல் மருந்துச்சீட்டு இல்லாமல் தரவும் மாட்டார்கள். தொடங்கும் முன் பிரஷர், நாடித்துடிப்பு, எடை பார்க்க வேண்டும், இதயக் கோளாறு பற்றிக் கேட்க வேண்டும். அளவைச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு மறுபடி பிரஷரும் நாடியும் பார்க்க வேண்டும். சரியான அளவு பிடிபட்ட பிறகும் 6 மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யச் சொல்கிறது, சிகிச்சை முறைகளை வகுக்கிற இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி. பசி குறைவது, தூக்கம் கெடுவது, எரிச்சல் வருவது எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லித்தான் அளவைச் சரிசெய்ய முடியும்.

இந்த வேலையை லீவின் கடைசி வாரத்தில் தொடங்கினால் பாதியில் நிற்கும். "லண்டன் போனதும் வீடியோ காலில் பேசி மருந்தை வாங்கிக்கொள்ளலாமே" என்று என் தம்பி கேட்டான். முடியாது. 2020 மார்ச்சில் வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டி, போதைப்பொருள் சட்டப் பட்டியலில் உள்ள மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதக் கூடாது என்கிறது. இந்தியாவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கான ஆலோசனைக்கும் அந்த வழிகாட்டி பொருந்தாது. என் டாக்டர் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். அதற்காகவே அவர்மீது மதிப்புக் கூடியது.

அதனால் நான் மருந்தை மதுரையில் தொடங்கவில்லை. லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் விரிவான அறிக்கை கேட்டு வாங்கினேன். எந்தெந்த அறிகுறி, எந்த வயதில், யார் சொன்னது, எதையெல்லாம் பார்த்து விலக்கினார், பரிசோதனை முடிவுகள், டாக்டரின் பதிவு எண் எல்லாம் அதில் இருக்கின்றன. "ஏடிஹெச்டி இருக்கிறது" என்று ஒற்றை வரியில் தருகிற சான்றிதழுக்கு லண்டனில் மதிப்பில்லை. தயங்காமல் கேளுங்கள். சிகிச்சைப் பதிவுகளைப் பெற 2017 மனநலச் சட்டம் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது.

லண்டனில் என் ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், அறிக்கையை முழுக்கப் படித்தார். அதை வைத்து அவரே மருந்து எழுதவில்லை, அவர்கள் அப்படி எழுதக் கட்டாயமும் இல்லை. உள்ளூர் மனநலக் குழுவுக்கு அறிக்கையோடு அனுப்பி வைத்தார். காத்திருக்கிறேன். இதற்கிடையில் மருந்தில்லாத பகுதி நடக்கிறது: நேரத்தைக் கண்ணுக்குத் தெரியவைக்கிற வழிகள், வேலையைச் சிறு துண்டுகளாக்குவது, அலுவலகத்தில் கேட்டு வாங்கிய சில சலுகைகள். ஆலோசகரோடு தமிழிலேயே பேசுகிறேன், அது பெரிய ஆறுதல்.

ஊரில் நீண்ட நாள் தங்கி மருந்தைத் தொடங்குகிறவர்கள் திரும்பும்போது மருந்துச்சீட்டும் டாக்டர் கடிதமும் கையில் வைத்திருங்கள். பெயர், பயணத் தேதி, மருந்து, அளவு, டாக்டர் கையெழுத்து அதில் இருக்க வேண்டும். பிரிட்டனுக்குள் 3 மாதத்துக்குக் குறைவான அளவுக்கு உரிமம் தேவையில்லை. சிங்கப்பூருக்கோ அமீரகத்துக்கோ போகிறவர்கள் மெத்தில்ஃபெனிடேட்டுக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். மதுரையிலேயே இருக்கிற உறவினர் யாருக்காவது எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமனாஸ் எண் 14416-ஐக் கொடுங்கள். இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.