கால்வாய்க் கரை, ரயில் தடம், காட்டுச் சாலை: எந்தச் சரளையில் ஓட்டுவது?

அமெரிக்காவின் கிழக்கே, அப்பலாச்சியன் மலைகளில் சைக்கிள் ஓட்ட, காடும் ஆறும் சேர்ந்தே வரும் சரளைப் பாதை வேண்டும் என்றால் மூன்று பெயர்கள் அடிபடும். வாஷிங்டனில் தொடங்கி கம்பர்லாண்ட் வரை போட்டோமாக் ஆற்றை ஒட்டியே வரும் சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஓஹாயோ) கால்வாய்க் கரை ஒன்று. கம்பர்லாண்டிலிருந்து மலையைத் தாண்டி பிட்ஸ்பர்க் போகும் கிரேட் அலெகெனி பாசேஜ் இன்னொன்று. மூன்றாவது, வடக்கு பென்சில்வேனியாவின் பைன் கிரீக் பள்ளத்தாக்கும் அதன் மேட்டில் ஓடும் அரசுக் காட்டுச் சாலைகளும்.

இவற்றுக்கு அழகு, கடினம் என்று மதிப்பெண் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு பாதையும் எதற்காக வெட்டப்பட்டது என்று பார்த்தாலே சரிவு, சேறு, காட்சி, டயர் எல்லாம் தெரிந்துவிடும்.

கால்வாய்க் கரை கோவேறு கழுதைகளுக்காகப் போட்டது. அவை கரையில் நடந்து படகை இழுத்தன. 1828 ஜூலை 4 அன்று வேலை தொடங்கியது. அதே நாளில்தான் போட்டியாளரான பால்டிமோர் அண்ட் ஓஹாயோ ரயில்வேக்கும் கல் நாட்டினார்கள். ரயில் 1842இல் கம்பர்லாண்டை எட்டிவிட்டது. கால்வாய் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தது 1850இல். ஓஹாயோ ஆறு கடைசிவரை பெயரோடு நின்றுபோனது.

தண்ணீர் மேடேறாது என்பதால் 297 கிலோமீட்டர் தூரத்துக்கும் சேர்த்து ஏற்றம் வெறும் 184 மீட்டர்தான். அதையும் படகை ஏற்றி இறக்கும் 74 மதகுகளில் பிரித்து வைத்திருக்கிறார்கள். மதகருகே ஒரு சின்ன மேடு, பிறகு மறுபடி சமதளம். கேட்க சுகமாக இருக்கிறது; ஓட்டும்போது அப்படியில்லை. இறக்கமே இல்லாத பாதையில் மிதிப்பதை நிறுத்தவே முடியாது. மாலையில் கால்களைவிட உட்காரும் இடம்தான் அதிகம் வலிக்கும். வாரக்கணக்கில் பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இதை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது சேறு. கழுதைக்குப் பொடிக்கல் தேவைப்படவில்லை, மண் போதும். ஆற்றுக்கும் பழைய கால்வாய்க் குழிக்கும் நடுவில், மர நிழலில் கிடக்கும் அந்த மண் மழைக்குப் பின் எளிதில் உலராது. அண்மை ஆண்டுகளில் பூங்கா நிர்வாகம் பல பகுதிகளில் பொடிக்கல் பரப்பிச் சீர்செய்திருக்கிறது. மற்ற இடங்களில் வேரும் குட்டையும் அப்படியே. 40 மி.மீ. டயரும் மட்கார்டும் இல்லாமல் இங்கே வரக்கூடாது. ஒரு தப்பிக்கும் வழி உண்டு: ஹான்காக் ஊரை ஒட்டிய பகுதியில் கால்வாய்க்குப் பக்கத்திலேயே வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் தடம் தார் போட்டுக் கிடக்கிறது. மழை பெய்திருந்தால் வெட்கப்படாமல் அதில் ஏறிக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதை பிழைத்ததற்குக் காரணம் ஒரு நீதிபதி. 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றுபோனது. பிற்பாடு கால்வாயை ஒட்டிக் கார் சாலை போடும் திட்டம் வந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954இல் அந்தத் திட்டத்தை ஆதரித்த பத்திரிகை ஆசிரியர்களைத் தன்னோடு கரை முழுவதும் நடந்துபார்க்க அழைத்தார். கூட நடந்தவர்களில் சிலர்தான் கடைசிவரை வந்தார்கள் என்றாலும் சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971இல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. பா பா சுரங்கவழி மட்டுமே இந்தப் பயணத்துக்குப் போதுமான காரணம்: 950 மீட்டர் நீளம், லட்சக்கணக்கான செங்கற்கள், உள்ளே விளக்கு கிடையாது. கைப்பிடிக் கம்பியை ஒட்டி சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். வழிநெடுக உள்ள கூடார இடங்களுக்குக் கட்டணமில்லை. கைப்பம்புத் தண்ணீரில் அயோடின் வாசம் வரும், குடிக்கலாம். குளிர்காலத்தில் பம்புகளை மூடிவிடுவார்கள்.

அலெகெனி பாதை ரயிலுக்காகப் போட்டது. நீராவி எஞ்சினும் செங்குத்தை விரும்பாது, ஆனால் தண்ணீர் அளவுக்குப் பிடிவாதம் இல்லை. எனவே மலையைத் தாண்ட முடிந்தது. சுமார் 240 கிலோமீட்டரில் பெரும்பகுதி யோகியோகேனி, கேசல்மன் ஆறுகளின் ஓரம். உச்சி 729 மீட்டர். அந்த உச்சிக்கு ஒருபுறம் விழும் மழை போட்டோமாக் வழியாக செசபீக் விரிகுடாவுக்குப் போகிறது, மறுபுறம் விழுவது மெக்சிகோ வளைகுடாவுக்கு. கம்பர்லாண்டிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர், எங்கேயும் இரண்டு சதவீதத்தைத் தாண்டாத ஏற்றம். பிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்து வந்தால் ஏறுகிறோம் என்பதே தெரியாது.

பொடித்த சுண்ணாம்புக்கல் இறுகிக் கிடக்கும் இந்தப் பரப்பு அடுத்த நாளே உலர்ந்துவிடும், காரணம் ரயில்காரர்கள் வடிகாலில் கஞ்சத்தனம் செய்யவில்லை. 35 மி.மீ. டயர் தாராளம். கேசல்மன் ஆற்றின் மேல் 582 மீட்டர் நீளச் சாலிஸ்பரி பாலம், அதன் பின் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பிக் சாவேஜ் சுரங்கவழி. பிட்ஸ்பர்க்கிலிருந்து வருபவர்களுக்குச் சுரங்கத்தின் மறுவாயில் மேரிலாந்து மலைகள் அடுக்கடுக்காகத் திறந்துகொள்கின்றன. எதிர்த்திசையில் வருபவர்கள் அதைத் திரும்பிப் பார்த்தால்தான் உண்டு. ஆகவே என் வாக்கு பிட்ஸ்பர்க் தொடக்கத்துக்கு. சுரங்கத்தை டிசம்பர் வாக்கில் அடைத்து ஏப்ரலில் திறப்பார்கள். அந்த மாதங்களில் முழுப் பாதையையும் திட்டமிடுவதில் பொருளில்லை.

குறை ஒன்று சொல்ல வேண்டும். இது சைக்கிளுக்கு எளிது, சரளைக்கென்றே செய்த கிராவல் சைக்கிளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே எளிது. கூடை வைத்த சாதாரணச் சைக்கிளில் ஒரு பாட்டி உங்களை முந்திப் போவார். விலை உயர்ந்த வண்டியைப் பார்த்து அன்பாகத் தலையும் அசைப்பார்.

பைன் கிரீக்கில் அது நடக்காது, அதாவது நீங்கள் கீழேயே நின்றுவிடாவிட்டால். கீழே, ஓடையோரம், ஜெர்சி ஷோரிலிருந்து வெல்ஸ்பரோ பக்கம் சுமார் 100 கிலோமீட்டர் ரயில் தடம் இருக்கிறது. (ஜெர்சி ஷோருக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை.) மரம் ஏற்றிச் செல்ல 1883இல் போட்ட பாதை; கடைசி ரயில் 1988இல் போனது. பரப்பும் சரிவும் அலெகெனி மாதிரியே. பள்ளத்தாக்கு அதைவிட ஆழம், ஊர்கள் அதைவிடக் குறைவு.

ஆனால் மேலே ஏறிப் பாருங்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த மலைகள் மொட்டையாக்கப்பட்டு, பின் மாநில அரசு வாங்கி வளர்த்த காடு இது. அதைப் பராமரிக்கவும் மரம் இறக்கவும் போட்ட சாலைகள் வண்டிக்காக மலையை வளைத்துக் கெஞ்சுவதில்லை. ஓடை மட்டத்திலிருந்து மேட்டுக்கு முந்நூறு மீட்டர் அளவுக்கு நேரே ஏறிவிடுகின்றன. மேற்கு விளிம்பில் ஓடும் வெஸ்ட் ரிம் சாலை போன்றவற்றில் கார் வருவதே அரிது. பின் பல்சக்கரம் முன் பல்சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்தால் முழங்கால் நன்றி சொல்லும். டயர் 40 முதல் 45 மி.மீ.

இந்தச் சரளை எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதற்கு விடை மீனில் இருக்கிறது. மண் சாலைகளிலிருந்து கரைந்துவரும் சேறு டிரௌட் மீன்களின் ஓடைகளைக் கெடுக்கிறது என்று தூண்டில்காரர்கள் எழுப்பிய குரலால் பென்சில்வேனியா 1997இல் மண், சரளைச் சாலைகளுக்கென்று நிதித் திட்டம் தொடங்கியது. களிமண் சேர்க்காமல், பெரிய கல்லும் பொடியும் அளவாகக் கலந்து இறுக்கும் ஒரு சாலைக் கலவை அதிலிருந்து பிறந்தது. மீனுக்காகப் போட்டது, நமக்கு வாய்த்தது. அந்தக் கலவை போடாத இடங்களில், குறிப்பாக இறக்க வளைவுகளில், அலை அலையாக மேடுபள்ளம் இருக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்துவிட வேண்டும்.

முதல் நெடும்பயணத்துக்கு அலெகெனி. கிராவல் சைக்கிள் வாங்கியதற்குப் பலன் வேண்டுமென்றால் பைன் கிரீக்: கீழே ஓடையோடு போய், ஒரு காட்டுச் சாலையில் ஏறி, விளிம்பில் ஓட்டி, வேறொரு சாலையில் இறங்குவது. கால்வாயை வரலாற்றில் ஆசை உள்ளவர்களுக்கு விடுகிறேன், அதிலும் ஹான்காக்குக்கு மேற்கே உள்ள பகுதியை. முதல் இரண்டையும் சேர்த்து ஓட்டுபவர்களும் உண்டு. வாஷிங்டனுக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஆம்ட்ராக் ரயிலில் சைக்கிளுக்கு முன்பதிவு செய்து திரும்பலாம். பிட்ஸ்பர்க் நிலையத்தில் அந்த ரயில் நிற்பது நள்ளிரவை ஒட்டியோ விடியலுக்கு முன்போதான்.

பைன் கிரீக்குக்கு ரயில் வசதி இல்லை, கார் வேண்டும். பள்ளத்தாக்குக்குள் கைபேசிச் சமிக்ஞையும் கிடையாது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் வெயில் காய வரும் கிலுகிலுப்பைப் பாம்பைச் சுற்றி அகலமாக ஒதுங்கிப் போங்கள். நவம்பர் கடைசியில் மான் வேட்டை தொடங்கினால், ஆரஞ்சு நிற மேல்சட்டை இல்லாமல் அந்தக் காட்டுக்குள் போக வேண்டாம்.